பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆபீஸ்களிலும் அச்சகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் உழைக்கும் பழைய பெட்டிகளில் பல இந்தத் தேர்வில் தேறாது. பழுதில்லாத பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாமல் காப்பாற்றும் வழிகளில் முக்கியமானது லினக்ஸ். லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று பல பெயர்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மின்ட் ஓட 2 ஜிபி ராம் இருந்தால் போதும். 4 ஜிபி இருந்தால் திணறாது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சோதனை அல்ல. சி. உமாசங்கர் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அதன் அலுவலகக் கணினிகள் சூஸி லினக்ஸுக்கு மாறின. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆயுள் முடிந்தபோது அரசு அலுவலகங்களிலும் பாஸ் பரிந்துரைக்கப்பட்டது. இருந்தும் பல லேப்டாப்களில் அந்தப் பாஸ் திறக்கப்படாமலே கிடந்தது. பெட்டியில் இருந்ததே தவிர, அதை வைத்துச் செய்ய வேண்டிய வேலை எதுவும் பாடத்தில் இல்லை. கேரளம் வேறு விதமாகப் போனது. அங்கே ஐடி@ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பாடநூலையும் செய்முறைத் தேர்வையும் லினக்ஸிலேயே வைத்தது. அதனால் அங்கே அது நிலைத்தது. இயங்குதளத்தை ஏற்றுவது அரை மணி நேர வேலை. அன்றாட வேலை அதில் ஓடுமா என்பதே பெரிய கேள்வி.

ஆகவே மாற்றத்தைப் பின்னாலிருந்து தொடங்குவது நல்லது. விண்டோஸ் இருக்கும்போதே அதில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றை நிறுவிப் பழகலாம். இவையெல்லாம் இரண்டு பக்கமும் ஓடுபவை. கை பழகிய பிறகு அடியில் இருக்கும் தளம் மாறினால் அவ்வளவாக உறுத்தாது. அடுத்து, 8 ஜிபி பெண்டிரைவில் லினக்ஸை ஏற்றி, கணினியை அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வன்வட்டில் ஒன்றும் அழியாது. வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிரிண்டரை மட்டும் கட்டாயம் சோதிக்க வேண்டும். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் உடனே ஓடும். நம் ஊர் ஆபீஸ்களில் அதிகம் காணப்படும் கேனன் எல்பிபி 2900 போன்ற சில படுத்தி எடுக்கும்.

மாறக் கூடாத இடங்களும் உண்டு. டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது. இ-சேவை மையங்களின் கைரேகைக் கருவிகளும், டெண்டருக்கும் ஜிஎஸ்டிக்கும் செருகும் டிஜிட்டல் கையொப்பச் சாவிகளும் பெரும்பாலும் விண்டோஸையே நம்பியவை. அத்தகைய கணினியில் இரண்டு தளங்களையும் அருகருகே வைத்து, திறக்கும்போது தேர்ந்தெடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அதற்கு முன் கோப்புகள் முழுவதையும் வெளி வன்வட்டில் நகல் எடுத்தாக வேண்டும். "சும்மா பார்ப்போம்" என்று பார்ட்டிஷனில் கை வைத்துக் கணக்கு வழக்கைத் தொலைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

தமிழ்த் தட்டச்சு தனிக் கவனம் கேட்கும். என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது. லினக்ஸில் ஐபஸ் என்ற நிரலோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்று வேண்டிய விசைப்பலகையைத் தேர்ந்துகொள்ளலாம். பழைய கோப்புகள்தான் சிக்கல். வானவில், ஸ்ரீலிபி, பாமினி முதலிய எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறித் தெரியும். எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டால் படிக்கலாம். ஆனால் தேட முடியாது, இணையத்தில் ஏற்ற முடியாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. மாற்றிகளின் துணையோடு பழையதை யூனிகோடாக்கிவிடுவது எந்தத் தளத்தில் இருந்தாலும் உதவும்.

சிவகாசி அச்சக டிசைனருக்கு மாற்றம் இன்னும் கடினம். கோரல்டிராவில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பட்டாசு லேபிள்களும் காலண்டர் அட்டைகளும் இங்க்ஸ்கேப்பில் அப்படியே திறக்காது. வண்ணமும் எழுத்தும் இடம் மாறும். நான்கு வண்ண அச்சுக்கு ஸ்கிரைபஸ் கைகொடுக்கும் என்றாலும், டிசைன் கணினியைக் கடைசியாக மாற்றுவதே சரி. பில் போடும் கணினியும் வீட்டுக் கணினியும் முதலில் மாறட்டும். காலமும் பார்க்க வேண்டும். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து பொங்கல் வரை அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது; தீபாவளி முடியும்வரை பட்டாசு ஆபீஸுக்கும் அப்படியே. தை கடந்த பிறகு இந்த வேலையில் இறங்குவது உத்தமம்.

ஏற்றிய தளத்தைத் தனதாக்கிக்கொள்வது அதன் பிறகுதான். மின்டின் சின்னமன் முகப்பில் பணிப்பட்டை விண்டோஸ்போலவே கீழே இருக்கும். அதை மேலே கொண்டுபோகலாம், பொத்தான்களை மாற்றலாம். தமிழை முகப்பு மொழியாக்கலாம். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த அளவுக்குத் தமிழும் மிச்சத்தில் ஆங்கிலமும் தெரியும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தாவும் குறுக்கு விசையைப் பழைய விசையாகவே வைத்துக்கொண்டால் பாதிப் பழக்கம் அப்படியே தங்கிவிடும். நிறுவும்போதே 'ஹோம்' பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாகப் பிரித்துவிட்டால், கோப்புகளும் இந்த அமைப்புகளும் அதிலேயே இருக்கும். பின்னால் புதிய பதிப்பை ஏற்றும்போது அந்தப் பகுதியை மட்டும் ஃபார்மட் அடிக்காமல் விட்டால் போதும்.