"சூப்பர்" என்று சொன்னால் போதுமா?

போன மாதம் இதே பகுதியில் ஒரு சகோதரி, "செல்போனில் நாவல் குரூப் என்று வைத்துக்கொண்டு பெண்கள் வெட்டி அரட்டை அடிக்கிறார்கள், அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாமே" என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அந்த அரட்டைக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதனால் பதில் எழுதுகிறேன்.

எங்கள் குரூப்பில் மொத்தம் 14 பேர். 2020 ஊரடங்கு சமயத்தில் லைப்ரரி எல்லாம் மூடிவிட்டார்களே, அப்போது ஆரம்பித்தது. ரிட்டயர்டு டீச்சர் இருக்கிறார், தையல் கடை வைத்திருப்பவர் இருக்கிறார், கல்யாணமாகி ஆறு மாதமான மருமகள் பெண்ணும் உண்டு. யார் எந்த நாவல் படித்தாலும் அதைப் பற்றி நாலு வரி சொல்லணும். டைப் அடிக்க வராதவர்கள் பேசி அனுப்பலாம். இவ்வளவுதான் சட்டதிட்டம்.

உண்மையைச் சொன்னால், முதல் வருஷம் அந்தச் சகோதரி சொன்ன மாதிரிதான் இருந்தது. "சூப்பர்", "அருமை", "கண்ணில் தண்ணி வந்துடுச்சு". இதைத் தாண்டி ஒன்றும் கிடையாது. ரமணிசந்திரன் ரசிகைகள் ஒரு பக்கம், பாலகுமாரன் ரசிகைகள் ஒரு பக்கம். அவரவர் ஆளை யாராவது லேசாகக் குறை சொன்னால் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது!

இதை மாற்றியது டீச்சரம்மாதான். ஜெயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையை எல்லாரும் படிக்கணும் என்றார். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் பஸ்சுக்கு நின்ற காலேஜ் பெண்ணை முன்பின் தெரியாத ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாயிட்டே, யார்கிட்டேயும் சொல்லாதே என்கிறாள்.

அந்தக் காலத்து வாசகர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒரு அம்மா இப்படிச் செய்வாளா, செய்யலாமா என்று பெரிய சர்ச்சை. வேறு முடிவு எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. ஜெயகாந்தன் அதற்கெல்லாம் ஒரு நாவலாகவே பதில் சொன்னார். அந்த அம்மா மூடி மறைக்காமல் ஊர் கேட்கக் கத்தியிருந்தால் அந்தப் பெண் கதி என்னவாகியிருக்கும்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. கங்காவை அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். மாமா தயவில் படிக்கிறாள், உத்தியோகத்துக்குப் போகிறாள், ஆனால் அந்தப் பழி மட்டும் போகவே இல்லை. அந்த நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. 1977-ல் நடிகை லட்சுமி நடித்துப் படமாகவும் வந்தது. வாசகர்கள் போட்ட சண்டையில் ஒரு நாவல் பிறந்திருக்கிறது, பார்த்தீர்களா?

எங்கள் குரூப்பிலும் சண்டை வந்தது. மூன்று நாள் அடுப்பில் என்ன வேகிறது என்றே யாருக்கும் தெரியாது. "தண்ணி ஊத்தினது சரிதான், அவ பொண்ணைக் காப்பாத்தினா" என்று தையல் கடைக்காரம்மா. "அவனை விட்டுட்டு பொண்ணைக் குளிப்பாட்டினா என்ன நியாயம்? போலீசுக்கு இல்ல போயிருக்கணும்?" என்று மருமகள் பெண். "1966-ல போலீசுக்குப் போயிருந்தா அங்கே என்ன கேட்டிருப்பாங்கன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று டீச்சர்.

மூன்றாம் நாள் ராத்திரி, அதுவரை வாயே திறக்காத ஒரு சகோதரி பேசி அனுப்பினார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பத்தாவது படிக்கும்போது ஒரு பையன் இவர் நோட்டில் கடிதம் வைத்துவிட்டானாம். இவருக்கு அது தெரியவே தெரியாது. அம்மா பார்த்துவிட்டு, தெருவே கூடும்படி கத்தியிருக்கிறார். மறுநாளே படிப்பு நின்றது, அடுத்த வருஷம் கல்யாணம். "கங்கா மாதிரி எனக்கு ஒண்ணும் நடக்கலை. ஆனா அவ அம்மா கத்தின மாதிரி எங்கம்மா கத்தினாங்க. அதுக்கே இந்தக் கதி. எம்பொண்ணு இப்போ ஒன்பதாவது படிக்கிறா. நாளைக்கு அவ எங்கிட்டே ஏதாவது சொல்ல வந்தா நான் எந்த அம்மாவா இருக்கப் போறேன்னுதான் மூணு நாளா யோசிச்சிட்டிருக்கேன்."

ரொம்ப நேரம் யாரும் எதுவும் போடவில்லை. இத்தனை வருஷத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். சொந்தக் கதையைச் சொல்ல நம் பெண்களுக்கு வாய் வராது. கங்கா கதையைச் சொல்லலாம் என்றால் வரும். "சூப்பர்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு நகர்ந்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

அதற்குப் பிறகு எங்கள் பேச்சே மாறிவிட்டது. சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை'யை (குடியால் அழிந்து போகிறவன் கதைதான்) எடுத்தபோது, "தியாகு பெண்டாட்டி ஏன் இவ்வளவு பொறுத்துக்கிட்டா?" என்ற ஒரே கேள்வி ஒரு வாரம் ஓடியது. ரமணிசந்திரன் ரசிகை ஒருவரே, "கன்னத்தில் அறைகிற கதாநாயகனை நாம ஏன் இத்தனை நாளா ரசிச்சோம்?" என்று கேட்டுவிட்டார். அவர் இன்னும் அந்த நாவல்களைப் படிக்கிறார். படிக்கட்டுமே! அலுத்துப்போன மனசுக்கு அதுவும் வேண்டியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் நாவலைத் திருட்டு பி.டி.எஃப். ஆக அனுப்பாதீர்கள். பத்து மாதம் உட்கார்ந்து எழுதினவருக்கு ஒரு பைசா வராது. இலவசமாகத்தான் வேண்டும் என்றால், அரசு நாட்டுடைமை ஆக்கிய கல்கி, ராஜம் கிருஷ்ணன் நூல்கள் இணையத்தில் முறைப்படியே கிடைக்கின்றன.

நாவல் பேசுவது வெட்டி வேலை என்கிற சகோதரிக்கு இன்னொன்றும் சொல்லணும். வை.மு.கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர், 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தியவர். ஆரம்பத்தில் அவருக்குச் சரியாக எழுதவே வராது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். இரண்டு சிநேகிதிகள் உட்கார்ந்து கதை பேசியதுதான் அதற்கும் ஆரம்பம்.

இந்த மாதம் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுத்திருக்கிறோம். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் கதை. தையல் கடைக்காரம்மாவின் பெரியம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவராம். "புத்தகத்தில் இருப்பது சரியா தப்பா என்று அவரிடமே கேட்டுச் சொல்கிறேன்" என்று ஊருக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

- ஒரு வாசகி, மன்னார்குடி