மேசைக் கணினி: மாற்றுவதற்கு முன்னும் பழுதான பின்னும்

மேசைக் கணினியின் பெட்டிக்குள் இருப்பவை ஏழெட்டுப் பாகங்கள்தான். எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு, கூலருக்கு அடியில் பிராசசர், அதன் பக்கத்தில் ரேம், தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அல்லது ஹார்டு டிஸ்க், படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். ஒரே ஸ்க்ரூ டிரைவரால் இவற்றைக் கழற்றலாம், தனித்தனியே வாங்கலாம், பழுதானதை மட்டும் மாற்றலாம். மடிக்கணினியும் செல்பேசியும் பெரும்பாலும் தராத வசதி இது. ஆனால் எந்தப் பாகம் எதனுடன் சேரும் என்பதை, இன்டெல், ஏஎம்டி என்ற இரு அமெரிக்க நிறுவனங்களின் நெடுங்காலப் போட்டி பெருமளவு முடிவு செய்திருக்கிறது. அந்தப் போட்டி எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்பது தெரிந்தால், புதிய பாகம் வாங்கும்போது பணம் வீணாகாது. பழுது வரும்போது தேட வேண்டிய இடமும் தெளிவாகும்.

ஒரே சாக்கெட், இரண்டு நிறுவனங்கள்

இன்டெல் 1968இலும் ஏஎம்டி 1969இலும் தொடங்கப்பட்டன. இரண்டையும் தொடங்கியவர்கள் கலிபோர்னியாவின் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள். 1981இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெல்லின் 8088 சிப்பைத் தேர்ந்தெடுத்தது. முக்கியமான ஒரு பாகத்துக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை. அதனால் அதே சிப்பைத் தயாரிக்கும் இரண்டாவது நிறுவனமாக ஏஎம்டி வந்தது. இரு நிறுவனங்களுக்கும் இடையே 1982இல் ஒப்பந்தம் ஏற்பட்டது.

1985இல் 386 சிப் வெளிவந்தபோது இன்டெல் அதன் வடிவமைப்பை ஏஎம்டிக்குத் தர மறுத்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அதற்கிடையில் ஏஎம்டி தானே உருவாக்கிய 386 சிப்பை 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரு தரப்பும் 1995இல் சமரசம் செய்துகொண்டன. இந்தக் காலம் முழுவதும் வாங்குபவருக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது: இரு நிறுவனங்களின் சிப்புகளும் ஒரே வகை மதர்போர்டில் பொருந்தின. இன்டெல்லின் பென்டியம் சிப் உட்கார்ந்த சாக்கெட் 7 என்ற இணைப்பிலேயே ஏஎம்டியின் கே6 சிப்பையும் பொருத்தலாம்.

1997இல் பென்டியம் 2 சிப்புடன் இன்டெல் ஸ்லாட் 1 என்ற புதிய இணைப்பைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமை ஏஎம்டிக்கு இல்லை. 1999இல் ஏஎம்டி தன் அத்லான் சிப்புக்கு ஸ்லாட் ஏ என்ற தனி இணைப்பை அமைத்தது. அன்று பிரிந்த பாதைகள் இன்றுவரை சேரவில்லை. ஏஎம்டி பிராசசரும் இன்டெல் பிராசசரும் ஒரே மதர்போர்டில் பொருந்தா. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர் போர்டையும் மாற்றியே ஆக வேண்டும். பல நேரங்களில் ரேமையும்.

வேகத்தில் முன்னிலை மாறி மாறி வந்திருக்கிறது. 2000 மார்ச்சில் ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தை ஏஎம்டி முதலில் எட்டியது. இரண்டே நாளில் இன்டெல்லும் எட்டியது. 2003இல் அத்லான் 64 மூலம் ஏஎம்டி கொண்டுவந்த 64 பிட் முறையை அடுத்த ஆண்டே இன்டெல்லும் ஏற்றுக்கொண்டது. 2006இல் கோர் 2 டுவோ வந்ததும் முன்னிலை இன்டெல்லிடம் போனது. 2011இல் வெளியான ஏஎம்டியின் புல்டோசர் சிப் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. போட்டி தளர்ந்த அந்த ஆண்டுகளில், சாதாரண மேசைக் கணினிக்கான இன்டெல் பிராசசர்கள் நான்கு கோர்களை (தனித்தனியே கணக்கிடும் அலகுகளை) தாண்டவே இல்லை. 2017 மார்ச்சில் ஏஎம்டி எட்டுக் கோர் கொண்ட ரைசன் சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு இன்டெல் ஆறு கோருக்கும் மறு ஆண்டு எட்டுக் கோருக்கும் முன்னேறியது. எதிரில் வலுவான போட்டியாளர் இருந்த காலத்தில்தான் வாங்குபவருக்குக் கூடுதல் திறன் கிடைத்திருக்கிறது.

போர்டின் ஆயுள்

பிராசசரை மாற்ற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சாக்கெட்டின் பெயர். இன்டெல் தன் சாக்கெட்டுகளை அடிக்கடி மாற்றிவந்திருக்கிறது. 2015இல் எல்ஜிஏ 1151, 2020இல் எல்ஜிஏ 1200, 2021இல் எல்ஜிஏ 1700, 2024இல் எல்ஜிஏ 1851. பெயரில் உள்ள எண் தொடுமுனைகளின் எண்ணிக்கை. அந்த எண் ஒத்திருந்தால் மட்டும் போதாது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் சிப்புகளுக்கும் 1151 தொடுமுனைகளே. ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக்காக விற்ற போர்டுகளில் அவை இயங்குவதில்லை. பழைய சிப்பை வாங்கிப் பழைய போர்டில் போடுபவர்கள் ஏமாறும் இடம் இது.

இதற்கு மாறாக, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் நீண்டகாலம் நிலைத்தது. 2017இல் முதல் ரைசனுடன் வாங்கிய பல போர்டுகள், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி சிப்பையும், போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பின் ஏற்கின்றன. இதுவும் தானாக நடந்துவிடவில்லை. 2020இல், பி450, எக்ஸ்470 வகைப் போர்டுகள் அடுத்த தலைமுறைச் சிப்பை ஏற்காது என்று ஏஎம்டி அறிவித்தது. வாடிக்கையாளர்களின் எதிர்ப்பு வலுத்ததும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் வந்த ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 ஏற்பவை, டிடிஆர்5 ஏற்பவை என இரு வகை உண்டு. இரண்டும் ஒரே போர்டில் கலந்து வருவது மிக அரிது. ரேமின் வெட்டு இருக்கும் இடம் வேறுபடுவதால் மாற்றிச் செருகவும் முடியாது.

போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், ஒவ்வொரு மாடலும் ஏற்கும் பிராசசர்களின் பட்டியலும், அவற்றுக்குக் குறைந்தபட்சம் தேவையான பயாஸ் பதிப்பும் இருக்கும். மாடல் பெயரும் ரிவிஷன் எண்ணும் போர்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். புதிய சிப்புக்குத் தேவையான பயாஸை, பழைய சிப் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். அதற்கு முன்பே பழைய சிப்பைக் கழற்றி விற்றுவிட்டால், புதியது நல்ல நிலையில் இருந்தும் திரையில் எதுவும் வராது. சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் உண்டு. எந்த வழியானாலும், ஏற்றும்போது மின்சாரம் போனால் போர்டு முடங்கக்கூடும். மின்வெட்டுள்ள ஊரில் இந்த வேலையை யுபிஎஸ் இணைப்போடுதான் செய்ய வேண்டும்.

முதலில் எதை மாற்றுவது

கணினி மெதுவாக இயங்குகிறது என்பவர் பலருக்கும் பிராசசர் மாற்றம் தேவைப்படுவதில்லை. விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்கில் இருந்தால், எஸ்எஸ்டிக்கு மாற்றுவதே முதல் வேலை. ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 மெகாபைட். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வகை என்விஎம்இ எஸ்எஸ்டி 3,500 வரை எட்டும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிப்பதில் வித்தியாசம் இதைவிடப் பெரியது. ஹார்டு டிஸ்கைப் போல, சுழலும் தட்டில் முனை நகரும் வரை எஸ்எஸ்டி காத்திருக்க வேண்டியதில்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த இடத்தில் சாட்டா வகையும் வரலாம், என்விஎம்இ வகையும் வரலாம். போர்டு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது ரேம். ஒற்றை ரேமைவிட இணையாக இரண்டு போட்டால், பிராசசர் இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவைப் பெறும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். 3200 என்று விற்கப்படும் ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிட்டால் பல நேரங்களில் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். எக்ஸ்எம்பி இன்டெல் வகுத்தது. டிடிஆர்5 காலத்தில் ஏஎம்டி எக்ஸ்போ என்ற தன் முறையைக் கொண்டுவந்தது.

பிராசசர் மாற்றம் மூன்றாவதாகத்தான் வருகிறது; விண்டோஸுக்காக அது தேவைப்படலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் வந்த சிப்புகளையே அதிகாரபூர்வமாக ஆதரிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், அதில் தேவையான மின்கேபிள் உண்டா, கேபினட்டில் கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்பவற்றை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும்.

கை வைக்கும்போது

மின்இணைப்பைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டால் உடலின் நிலைமின்சாரம் நீங்கும். இன்டெல் சாக்கெட்டிலும் ஏஎம்5இலும் மென்மையான பின்கள் போர்டில் இருக்கின்றன. ஏஎம்4இல் பிராசசரின் அடியில் இருக்கின்றன. ஏஎம்4இல் கூலரை நேராக இழுத்தால், காய்ந்த தெர்மல் பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரலாம். கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, கூலரை மெல்லத் திருகி எடுப்பது பாதுகாப்பானது. கூலரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது இட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாக மாறுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

பழுதைத் தேடும் முறை

பழுது பார்ப்பதற்கு அடிப்படை விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியானால், காரணம் எதுவென்று தெரியாமலே போய்விடும்.

பொத்தானை அழுத்தியும் விசிறிகூடச் சுழலவில்லை என்றால், சுவர் பிளக், பவர் கேபிள், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்சு, பொத்தானிலிருந்து போர்டுக்கு வரும் சிறு வயர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பிறகு நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்துச் சோதிக்கலாம்.

விசிறி சுழன்றும் டிஸ்ப்ளே வராதது அதிகம் காணப்படும் பழுது. மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எஃப் என்று முடியும் இன்டெல் கோர் சிப்புகளிலும், ஜி என்ற எழுத்து இல்லாத ரைசன் 5000 வரிசை வரையிலான பெரும்பாலான சிப்புகளிலும் உள்கிராபிக்ஸ் கிடையாது; போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். அடுத்து, பிராசசருக்கான தனி நான்கு பின் அல்லது எட்டு பின் கேபிள் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் ரேமைக் கழற்றித் தொடுமுனையைத் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டும். பல புதிய போர்டுகளில் பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட் என நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது எரிந்து நிற்கிறதோ அந்த இடத்தில் சோதனை நின்றிருக்கிறது. டிடிஆர்5 ரேம் போட்ட புதிய கணினி முதல்முறை இயங்கும்போது, ரேமை அளந்து பார்க்கச் சில நிமிடம் எடுக்கும். அப்போது அவசரப்பட்டு அணைக்கக் கூடாது.

வேலையின் நடுவே தானாக அணைந்தால் வெப்பத்தையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகிக்க வேண்டும். கூலரில் தூசி அடைத்திருக்கிறதா, விசிறி ஓடுகிறதா என்பவை எளிய சோதனைகள். வெப்பநிலை எண்ணைச் சிப்புக்குச் சிப் வேறாகப் படிக்க வேண்டும். ரைசன் 7000 வரிசையின் பல சிப்புகள் கடும் வேலையில் 95 டிகிரி வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டவை. சும்மா இருக்கும் கணினி அந்த எண்ணைக் காட்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. நீலத்திரை அடிக்கடி வந்தால் மெம்டெஸ்ட் மென்பொருளால் ரேமை இரவு முழுவதும் சோதிக்கலாம். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பின்னால் போனால், போர்டில் உள்ள 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும். புதிதாக எம்.2 எஸ்எஸ்டி போட்டபின் பழைய டிஸ்க் காணாமல் போவதும் உண்டு; சில போர்டுகளில் இரண்டும் ஒரே வழியைப் பகிர்கின்றன. சாட்டா கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும்.

பிராசசரே குற்றவாளி ஆகும்போது

பிராசசர் பழுதாவது அரிது. ஆனாலும் நடந்திருக்கிறது. 1994இல் பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளைத் தவறாகச் செய்வது வெளிப்பட்டது. சிப்புகளை மாற்றித்தர இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. 2024இல் அதன் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகள் சில, விளையாட்டுகளின் நடுவே காரணம் தெரியாமல் நின்றுபோயின. பயனர்கள் கிராபிக்ஸ் கார்டையும் ரேமையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. சிப் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டதே காரணம் என்று இன்டெல் கண்டறிந்தது. சிப்பின் உள்கட்டளைகளான மைக்ரோகோடைத் திருத்தி ஆகஸ்டு மாதம் வெளியிட்டு, வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் பயாஸ் புதுப்பிப்பு மூலம்தான் வந்து சேரும். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பை அது குணப்படுத்தாது. அதை வாரன்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும். இந்தத் தலைமுறைச் சிப்பைப் பயன்படுத்துபவர்கள், பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று உடனே பார்ப்பது நல்லது.

எப்போது நிறுத்துவது

சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய பிராசசரும் ரேமும் குறைந்த விலையில் கிடைக்கும்வரை, அதே போர்டில் மாற்றம் செய்வது லாபம். புதிய சிப்புக்காகப் போர்டு, ரேம், கூலர் மூன்றையும் வாங்க வேண்டிய நிலை வந்தால், அது ஏறத்தாழப் புதுக் கணினியின் செலவு. அப்போதும் கேபினட், எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ், மானிட்டர் ஆகியவை கைகொடுக்கும். போர்டு மாறினால் விண்டோஸ் உரிமத்தை மீண்டும் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும் என்பதையும், எந்த மாற்றத்துக்கு முன்பும் கோப்புகளைத் தனியே நகலெடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த கணினியை வாங்கும்போது, இன்று யாருடைய சிப் வேகமானது என்ற கேள்வியோடு, அந்தச் சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை தலைமுறைச் சிப்புகள் வரும் என்ற கேள்வியையும் கேட்டு வாங்குபவருக்கு, போர்டை மாற்றாமலே கணினியை மேம்படுத்தும் வழி திறந்திருக்கும்.