‘கடக்’ சத்தம் தோள்வலியைத் தீர்க்குமா?

மாணவர்களே, கேமரன் மலை கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டையைத் தோளில் ஏற்றுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தோட்டச் சரிவுகளில் கொழுந்து வெட்டுபவர்களையும் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் இவர்களில் பலர் தைலப் புட்டியைத் தேடுகிறார்கள். சிலர் உருட் செய்பவரிடம் போகிறார்கள். கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, “கைரோபிராக்டிக் செய்தால் சரியாகுமா?” என்று கேட்பவர்களும் இப்போது உண்டு. பதில் சொல்ல, முதலில் தோளை அறிந்துகொள்வோம்.

தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்

இடுப்பும் தோளும் பந்துக் கிண்ண மூட்டுகள். இடுப்பில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ, சிறு தட்டின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போன்ற நிலை. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. ஆனால் உறுதி குறைவு. பழம் உருண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை ‘ரொட்டேட்டர் கஃப்’ எனப்படும் 4 தசைகளும் அவற்றின் நாண்களும்தான்.

இவற்றைச் சுற்றியுள்ள தசைகள் படும் பாட்டைக் கணக்கிடுவோமா? 2 கிலோ பொருளைக் கையை நீட்டிப் பிடியுங்கள். எடை ஏறக்குறைய 20 நியூட்டன்; மூட்டிலிருந்து தூரம் 60 செ.மீ. எனில், திருப்புத்திறன் 20 × 60 = 1,200 நியூட்டன் செ.மீ. தோள் தசை இழுக்கும் கோடோ மூட்டு மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளித்தான் உள்ளது. ஆகவே தசை 1,200 ÷ 3 = 400 நியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும். இது 40 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை! கையின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவே இல்லை. நாள் முழுக்க, பல ஆண்டுகள் இப்படி உழைத்தால் நாண்கள் நைந்து வலிக்கத் தொடங்கும்.

அந்தச் சத்தம் எது?

கைரோபிராக்டிக் 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கிய முறை. பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு விலகலே காரணம் என்றார் அவர். இந்தக் கருத்தை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் மூட்டுகளைக் கையால் அசைக்கும் முறை தொடர்ந்து வளர்ந்தது. மலேசியாவில், 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் இதுவும் ஒரு துறை.

சிகிச்சையின்போது கேட்கும் ‘கடக்’ சத்தம், விலகிய எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமன்று. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் உள்ளது. மூட்டை இழுக்கும்போது அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழியாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டைச் சொடுக்கி, அதை எம்.ஆர்.ஐ. கருவியில் படம்பிடித்தனர். சத்தம் வந்த கணத்தில் அந்த வெற்றிடம் தோன்றியது தெரிந்தது. சத்தம் குமிழி தோன்றும்போது வருகிறதா, சுருங்கும்போது வருகிறதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. நீங்களே சோதிக்கலாம்: ஒரு விரலைச் சொடுக்கினால், அதே விரல் மீண்டும் சொடுக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். சத்தம் பெரிதாகக் கேட்டது என்பதால் சிகிச்சை பலித்தது என்று பொருளாகாது.

வலி குறையுமா?

நெதர்லாந்தில் தோள்வலி கொண்ட 150 பேரிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மறு பிரிவினருக்கு அதோடு, கழுத்தின் அடிப்பகுதி, மேல்முதுகு, விலா மூட்டுகளைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் தரப்பட்டது. 12 வாரங்களில், கைச்சிகிச்சையும் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர் முழுதாகக் குணமானதாகக் கூறினர்; மற்றவர்களில் 21 விழுக்காட்டினரே அப்படிக் கூறினர். இதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள். அதுவும் மருத்துவத்துக்குப் பதிலாக அன்று, மருத்துவத்தோடு சேர்த்து. இரண்டையும் மறக்கக்கூடாது. பாதிப்பேருக்கு மேல் அப்போதும் முழுக்குணம் அடையவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நைந்த நாணை எந்தச் சொடுக்கும் ஒரே நாளில் தைத்துவிடாது. சுமையைக் குறைப்பதும், தோள் தசைகளுக்குப் படிப்படியாகப் பயிற்சி தருவதும்தான் நெடுநாள் துணை. இதை அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவிலும் கற்றுத் தருவார்கள்.

முதலில் மருத்துவர்

சில தோள்வலிகள் தோளில் பிறப்பதே இல்லை. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தோளோ இடது கையோ வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாகத் தெரியலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, தோள் இறுகிக் கையைத் தூக்கவே முடியாத ‘உறைந்த தோள்’ அதிகம் வரும். விழுந்து அடிபட்டாலோ, கை மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ யாரையும் இழுத்துச் சொடுக்க விடாதீர்கள். கழுத்தை வேகமாகத் திருகியபின் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த அரிய சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கைரோபிராக்டிக் நிபுணரிடம் போவதென்றால், அவர் பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இன்று வீட்டில் ஒன்று செய்யுங்கள். அதே 2 கிலோ பொருளை உடலோடு ஒட்டி, மூட்டிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் தசைக்கு எவ்வளவு விசை தேவை என்று கணக்கிடுங்கள். விடையை அம்மாவுக்கும் பாட்டிக்கும் காட்டி, சுமையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கச் சொல்லுங்கள்.