மிதிவண்டிக்கு ஒரு வழி

விழுப்புரமும் திண்டிவனமும் வழிகள் கூடும் ஊர்கள். விழுப்புரம் நிலையத்திலிருந்து சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து ஊர்களை நோக்கியும் இருப்புப்பாதைகள் பிரிகின்றன. திண்டிவனத்திலோ சென்னைச் சாலையும், புதுச்சேரிச் சாலையும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையும் சந்திக்கின்றன. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வெளியூர் செல்வோர்க்கு இவை வண்டி மாறும் இடங்கள். ஊரிலேயே வாழ்வோர்க்கு நிலைமை வேறு. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விழுப்புரத்தில் ஏறத்தாழ 96,000 மக்களும், திண்டிவனத்தில் ஏறத்தாழ 73,000 மக்களும் வாழ்ந்தனர். இத்துணைச் சிறிய நகரங்களில் பள்ளியும் கடைத்தெருவும் அலுவலகமும் பெரும்பாலும் சில கிலோமீட்டர்த் தொலைவுக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன. நிலமும் சமவெளி, மூச்சு வாங்க ஏற வேண்டிய மேடுகள் இல்லை. மிதிவண்டி இத்தகைய ஊர்களுக்கென்றே அமைந்ததோ என்று எண்ணத் தோன்றும்.

நடப்பவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் செல்வார். ஏறத்தாழ அதே உழைப்பைக் கொண்டு மிதிவண்டியில் செல்பவர் 15 கிலோமீட்டர் கடப்பார். இதன் காரணம் எளியது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடலின் எடையைக் கால்கள் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது. மிதிவண்டியிலோ எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. காலின் வலிமை முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதற்கே பயன்படுகிறது. 1817 இல் ஜெர்மனியைச் சேர்ந்த டிரைஸ் என்பவர் அமைத்த வண்டிக்கு மிதிகட்டை கிடையாது. தரையைக் காலால் உந்தியே அதை ஓட்ட வேண்டும். 1885 இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவினவாக்கிச் சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கினார். 1888 இல் டன்லப் காற்றடைத்த டயரை அமைத்தார். அதன்பின் அடிப்படையான மாற்றம் எதுவும் இவ்வண்டிக்குத் தேவைப்படவில்லை. 1949 இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. அதன் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் வெளிவரலாயின. பால்காரரும் அஞ்சல்காரரும் ஆசிரியரும் இதில் சென்றனர். சொந்த வண்டி வாங்க இயலாதவர்க்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. அக்கடை வண்டிகளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய சிறுவர்களின் முழங்கால் தழும்புகள் தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவானவை!

ஆயினும், எல்லோர்க்கும் உரியதென்று சொல்லப்பட்ட இவ்வண்டி நெடுங்காலம் ஆடவரின் வண்டியாகவே இருந்தது. சிற்றூர்ப் பெண் ஒருத்தி மிதிவண்டியில் ஏறினால் ஊரே நின்று பார்க்கும், ஏளனமும் எழும். இந்நிலையைப் புதுக்கோட்டை மாவட்டம் மாற்றிக் காட்டிற்று.

அங்கே 1991 இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு எழுத்தறிவு ஊட்டுவதே அதன் நோக்கம். கற்பிக்க முன்வந்த தொண்டர்களுள் பெண்கள் பலர். அவர்கள் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டும். பேருந்தோ எல்லா ஊர்களுக்கும் உரிய நேரத்தில் வருவதில்லை. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தன் விருப்பப்படி வெளியே சென்று வர இயலாத பெண்ணுக்கு எழுத்தறிவு முழுப் பயன் தராது என்பதை உணர்ந்தார். ஆதலின் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பிப்பது இயக்கத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று. வண்டி வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் வழி செய்யப்பட்டது.

கற்றவர்கள் யாவர்? வயலில் கூலி வேலை செய்தவர்கள், கல்லுடைக்கும் தொழிலாளர்கள், செவிலியர், ஆசிரியைகள், குழந்தைகள் மையப் பணியாளர்கள் எனப் பலதிறத்தார். பெண்களுக்குரிய வண்டிகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆகவே ஆண்கள் ஓட்டும் வண்டியிலேயே பலர் பழகினர். அதன் குறுக்குக் கம்பி இடையூறாக இருக்கும் என்று பிறர் எண்ணினர். ஆனால் சில பெண்கள் அந்த வண்டியையே விரும்பிக் கேட்டனர். குழந்தையை உட்கார வைக்க அக்கம்பி உதவியது என்பதே அதற்குக் காரணம்.

முதலில் கேலி மொழிகள் எழாமல் இல்லை. ஆனால் இயக்கத்தார் பயிற்சியை மறைவில் நடத்தாமல், ஊரறியத் திடல்களில் நடத்தினர், போட்டிகளும் வைத்தனர். 1992 ஆம் ஆண்டு மகளிர் நாளையொட்டி 1,500 க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடிகள் பறக்க, மணியோசை எழுப்பிக்கொண்டு புதுக்கோட்டை நகரத் தெருக்களில் மிதிவண்டியில் சென்றனர். ஒருத்தி தனியே சென்றால் வேடிக்கையாக இருந்தது, ஆயிரவர் சேர்ந்து சென்றபோது வழக்கமாகிவிட்டது. மிதிவண்டி கற்ற பெண்களின் தொகை ஓர் இலட்சம் அளவை எட்டியதாக, நேரில் சென்று கண்ட இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். அவர்களுள் காய்கறியும் பிற பொருள்களும் விற்றவர்கள், பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தை மிச்சப்படுத்தி மேலும் சில ஊர்களுக்குச் சென்று விற்றனர். தண்ணீர்க் குடம் வண்டியில் வந்தது. எங்கேனும் செல்ல வேண்டுமெனில் தந்தையையோ கணவனையோ எதிர்பார்த்து நிற்கும் நிலை குறைந்தது.

இவ்வியக்கம் புதிய வண்டி எதையும் கண்டுபிடிக்கவில்லை; புதிய சாலை எதையும் போடவில்லை. தடை மக்கள் மனத்தில் இருந்தது. அதை அகற்றுவதே போதுமானதாயிற்று.

பின்னர்த் தமிழ்நாட்டு அரசு, 2001-2002 இல், பதினோராம் வகுப்பில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அத்திட்டம் பிற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. பீகாரில் 2006 இல் தொடங்கிய இதுபோன்ற திட்டத்தை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் மாணவியரின் தொகை நூற்றுக்கு 32 பங்கு பெருகியதாகக் கண்டனர். பள்ளியிலிருந்து தொலைவில் இருந்த சிற்றூர்களிலேயே இப்பயன் மிகுதியாக இருந்ததாம்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இன்று மிதிவண்டி ஓட்டும் மாணவியைக் கண்டு எவரும் வியப்பதில்லை. இங்குள்ள தடை சாலையில் இருக்கிறது. இரு நகரங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலை நான்கு வழிகள் கொண்டதாக அகலப்படுத்தப்பட்டுள்ளது. சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் விரையும் பேருந்துகளும் சரக்குந்துகளும் மகிழுந்துகளும் அதில் ஓடுகின்றன. சாலையின் ஒருபுறம் ஊரும் மறுபுறம் பள்ளியும் இருந்தால், மாணவர் அவ்வெள்ளத்தைக் கடந்தே தீரவேண்டும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிகம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு முன் மிதிவண்டியின் மணியோசையால் என்ன பயன்? ஊருக்குள்ளே வேகம் குறைவுதான்; ஆனால் தெருவின் ஓரத்தை நிறுத்தி வைத்த வண்டிகளும் கடைச் சாமான்களும் பிடித்துக்கொள்ள, மிதிவண்டி நடுத்தெருவுக்குத் தள்ளப்படுகிறது.

மிதிவண்டிக்குப் பேர்போன நெதர்லாந்து நாடும் ஒரு காலத்தில் இந்நிலையில் இருந்தது. 1971 இல் அங்கே சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400 க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த இதழாளர் ஒருவர், ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்னும் தலைப்பில் 1972 இல் எழுதினார். அத்தொடரையே பெயராகக் கொண்டு பெற்றோர் இயக்கம் ஒன்று எழுந்தது. தெருக்களை மறித்து அமர்ந்தனர், ஆட்சியாளரிடம் முறையிட்டனர். 1973 இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் நேர்ந்தது, அரசு செவிசாய்த்தது. தனித் தடங்களும், வண்டிகள் மெல்லச் செல்ல வேண்டிய தெருக்களும் ஆண்டுக்காண்டு பெருகின. இன்று அந்நாட்டு மக்கள் மேற்கொள்ளும் பயணங்களுள் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை மிதிவண்டியில் நடைபெறுகின்றன.

நம் நாட்டில் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, உழவும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குச் செல்வோருள் நூற்றுக்குப் பதின்மூவர் மிதிவண்டியிலேயே சென்றனர். இவர்களுக்காகப் பேசும் குரல்கள் வீண் போகவில்லை. சென்னை மாநகராட்சி 2014 இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்து நிதியில் நூற்றுக்கு அறுபது பங்கையேனும் நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் செலவிடுவது என்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. ஏட்டில் உள்ளது தெருவில் தென்படுவதற்குக் காலம் பிடிக்கிறது என்பது வேறு செய்தி.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களுக்கு மாநகரத்தின் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பள்ளி வாயில்களில் வேகத்தடையும், நெடுஞ்சாலைக்கு அடியில் கடக்கும் வழியும், இரயில் நிலையத்தில் கூரையுள்ள மிதிவண்டி நிறுத்தமும் பெரும் பகுதித் தேவையை நிறைவு செய்யும். டச்சுக்காரர் எண்ணிப் பாராத ஒன்றும் இங்கே தேவைப்படுகிறது, அது நிழல். சித்திரை வெயிலில் தார்ச்சாலை அனலாகக் காயும். பழைய சாலைகளின் இருமருங்கும் நின்ற புளிய மரங்கள் பல, சாலை அகன்றபோது வெட்டுண்டன. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் சாலை பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காகச் செல்கிறது. மிதிவண்டித் தடத்தின் மேற்கு ஓரத்தில் மரம் நட்டால், பிற்பகல் நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வருவோர் நிழலிலேயே வீடு சேரலாம்.