பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்: ஆய்விதழ்களில் நலமுரண்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று எம்.டி., பி.எச்டி. என்று படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "பேப்பர் போட்டாச்சா?" என்று நாமும் விசாரிக்கப் பழகிவிட்டோம். ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்த ஆய்வின் முடிவால் உங்களுக்கு ஆதாயம் ஏதும் உண்டா, யாரிடமாவது பணம் பெற்றீர்களா என்று அது கேட்கும். பலர் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பதை நலமுரண் என்று தமிழில் எழுதுகிறோம். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் பாட்டிமார் இதை எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்கள். பூனை பாலைக் குடித்ததா என்பது பிறகு வரும் கேள்வி. காவல்காரனுக்குப் பூனை தோழன் என்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டாமா என்பதுதான் முதல் கேள்வி. நலமுரண் உண்டு என்றால் அவர் பொய் எழுதினார் என்று அர்த்தமில்லை. இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் கேட்ட மாத்திரத்திலேயே பலருக்குக் கோபம் வந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்லை. 1965இல் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று, ஹார்வர்டு அறிஞர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு தொகுப்புக் கட்டுரை எழுத ஏற்பாடு செய்தது. 1967இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அது வந்தது. இதய நோய்க்குக் கொழுப்பின் மேல் பழி விழுந்தது. சர்க்கரை ஏறக்குறையத் தப்பித்துக்கொண்டது. வேறு நிதி உதவிகளைக் குறிப்பிட்ட அந்தக் கட்டுரை, சர்க்கரைப் பணத்தை மட்டும் குறிப்பிடவில்லை. பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்து சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் இதை 2016இல் வெளியிட்டார்கள். எழுதியவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அந்த இதழ் நலமுரணை அறிவிக்கும் விதியைக் கொண்டுவந்ததே 1984இல்தான்!

விதி வந்த பிறகும் நடந்தது என்ன? 1998 பிப்ரவரியில் லண்டனின் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 12 குழந்தைகளை மட்டுமே பார்த்து எழுதிய அது, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தைக் கிளப்பிவிட்டது. 2004இல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் துருவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் வழியாக ஆராய்ச்சிக்கு 55,000 பவுண்டு வந்திருக்கிறது. குழந்தைகளில் சிலரின் பெற்றோர் அந்த வழக்கோடு தொடர்புள்ளவர்கள். இது தெரிந்திருந்தால் தடுப்பூசி பற்றிய பகுதியை வெளியிட்டிருக்கவே மாட்டோம் என்றார் இதழின் ஆசிரியர். கூட எழுதியவர்களில் பத்துப் பேர் அந்த விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள்.

ஆனால் கட்டுரை முழுவதும் திரும்பப் பெறப்பட்டது 2010 பிப்ரவரியில்தான். அதற்குச் சொன்ன காரணம்கூடப் பணம் அல்ல. குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த விதம், நெறிக்குழு அனுமதி ஆகியவை பற்றிக் கட்டுரை சொன்னது உண்மையில்லை என்று மருத்துவக் கவுன்சில் கண்டறிந்ததுதான். மறைந்திருந்த பணம் வெளிப்பட்டதால் எழுந்த சந்தேகம்தான் மற்றதையெல்லாம் வெளியே இழுத்து வந்தது. இடையில் போன 12 ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது? இங்கிலாந்தில் அந்தத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் குழந்தைகள் நூற்றுக்கு 80 பேர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள். 2008இல் தட்டம்மை அங்கே மறுபடி நிலைகொண்டுவிட்டதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேக்ஃபீல்டின் கட்டுரை மோசடி என்று 2011இல் தலையங்கம் எழுதிய 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்', தன் நிறுவனம் அதே தடுப்பூசியைத் தயாரிக்கும் மெர்க், ஜிஎஸ்கே கம்பெனிகளிடம் விளம்பரப் பணம் பெறுவதைச் சொல்ல மறந்துவிட்டது. சுட்டிக்காட்டிய பிறகு, அறிவித்திருக்க வேண்டும் என்று திருத்தம் போட்டது. தலையங்கம் சொன்னது சரிதான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் சரியான பக்கம் நிற்பவருக்கும் விதியில் விலக்கில்லை.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் படிவம் கடந்த 36 மாதக் கணக்கைக் கேட்கிறது. ஆலோசனைக் கட்டணம், பங்கு, காப்புரிமை, மாநாட்டுப் பயணச் செலவு எல்லாம் அதில் அடக்கம். கட்டுரையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளருக்கும் இதே கேள்விதான். எழுதியவர் தன் மாணவரா, ஒரே துறையில் வேலை பார்ப்பவரா, அதே விஷயத்தில் போட்டியாளரா? ஆம் என்றால் ஆசிரியருக்கு எழுதி ஒதுங்கிக்கொள்வதுதான் முறை. ஆசிரியரே தன் இதழில் எழுதினால், அந்தக் கட்டுரையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அதன் பக்கமே போகக் கூடாது. மறைத்தது பிறகு தெரியவந்தால் முதலில் விளக்கம் கேட்பார்கள், அப்புறம் திருத்தம் வெளியிடுவார்கள். முடிவையே பாதிக்கும் பெரிய மறைப்பு என்றால் கட்டுரையைத் திரும்பப் பெறவும் செய்யலாம் என்கிறது பதிப்பு நெறிக் குழு.

நம் நாட்டில் பணத்தைவிட உறவுதான் பெரிய சிக்கல் என்பது என் கருத்து. ஒரு துறையில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். எல்லாரும் ஒருவருக்கொருவர் வழிகாட்டி, மாணவர், தேர்வாளர். "சாரோட பேப்பரை நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்று தயங்குகிற இளைஞரிடம் அந்தக் கட்டுரையை அனுப்பியதே ஆசிரியர் செய்த பிழை. கேட்டவுடன், 'அவர் என் வழிகாட்டி, வேறொருவரிடம் கொடுங்கள்' என்று இரண்டு வரி எழுதினால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். படிவத்திலும் அப்படியே. மனைவி மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்றால் அதையும் எழுதிவிட வேண்டியதுதான். அதற்காகக் கட்டுரையைத் தள்ளிவிட மாட்டார்கள். அடிக்குறிப்பில் ஒரு வரி கூடும், படிக்கிறவர் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்வார்.