நந்தி மலை: மேகத்தின் கீழே ஒரு கோட்டை

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே வைட்ஃபீல்டிலிருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கிளம்பிவிடுகின்றன. 1882-ல் ஆங்கிலோ-இந்தியர்களின் குடியிருப்பாகத் தொடங்கி, கம்ப்யூட்டர் நிறுவனங்களால் நிரம்பிவிட்ட இந்தப் பெங்களூர் புறநகருக்கு நந்தி மலை சுமார் 60 கி.மீ. மேகத்துக்கு மேலே எழும் சூரியன், ஒரு போட்டோ, சூடாக ஒரு காபி. அத்துடன் பெரும்பாலோர் இறங்கிவிடுகிறார்கள். தாங்கள் சாய்ந்து நின்றது நந்திதுர்க்கத்தின் கோட்டை மதில் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

4,851 அடி உயரம், சுற்றிலும் செங்குத்துப் பாறை. ஏறக்கூடியதாக இருந்த ஒரே பக்கத்தில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் மதிலைப் பலப்படுத்தினார்கள். பிடிக்கவே முடியாது என்று பெயர் வாங்கிய கோட்டை இது. 1791-ல் கார்ன்வாலிஸ் அனுப்பிய படை, மலைச்சரிவில் பாதை போட்டு பீரங்கிகளை மேலே இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. அக்டோபரில் ஓர் இரவு, நிலா எழும்வரை காத்திருந்து பாய்ந்தார்கள். குண்டுகளைவிட, மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகள்தான் அவர்களை அதிகம் வீழ்த்தின. ஆனாலும் கோட்டை அன்றே விழுந்தது.

கைதிகளைத் தள்ளிவிட்டதாகச் சொல்லப்படும் 'திப்பு டிராப்' பாறை முனையில்தான் எப்போதும் கூட்டம். கதை உண்மையோ இல்லையோ, கீழே எட்டிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பிறகு வந்த ஆங்கிலேயர்களுக்கு இது கோடை வாசஸ்தலம். கமிஷனர் மார்க் கப்பனின் பங்களா இன்றும் நிற்கிறது. உடல்நலம் தேற காந்தி 1927-ல் இங்கே தங்கினார், 1936-லும் வந்தார்.

தமிழர்களுக்கு இந்த மலையோடு வேறொரு சொந்தமும் உண்டு. பாலாறும் தென்பெண்ணையும் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். வைட்ஃபீல்டுக்கு அருகே ஓடும் பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூரை அடைகிறது. கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரை அந்தப் பயணத்தின் விளைவு.

அடிவாரத்தில் நந்தி கிராமத்திலுள்ள போக நந்தீஸ்வரர் கோயிலை விட்டுவிடக் கூடாது. நுணுக்கமான தூண்களும், படிகள் இறங்கும் பெரிய குளமும் அரைநாளை விழுங்கிவிடும்.

திரும்பும் வழியில் தேவனஹள்ளி. 1501-ல் மல்ல பைரே கவுடா மண்ணால் கட்டிய கோட்டை, பிற்பாடு கல்லுக்கு மாறியது. 1749-ல் இதன் முற்றுகையில்தான் ஹைதர் என்ற படைவீரர் மைசூர் அரசின் கண்ணில் பட்டார். நந்திதுர்க்கம் போல இது காலியாக இல்லை. மதிலுக்குள் வீடுகள், கடைகள், வேணுகோபாலசுவாமி கோயில் என்று ஒரு ஊரே வாழ்கிறது. திப்பு பிறந்த இடத்தைக் காட்ட தூண்களோடு சின்னஞ்சிறு மண்டபம், ஒரு கல்வெட்டு. 2008-ல் திறந்த விமான நிலையத்துக்குப் பறக்கும் டாக்சிகள் நெடுஞ்சாலையில் இதைத் தாண்டிப் போகின்றன. கோட்டை வாசலுக்கு அங்கிருந்து சில நிமிட தூரம்தான்.