எம்டன் கப்பலை வீட்டில் அமைத்தல்

தந்திரசாலி ஒருவனைக் குறித்து, 'அவன் பெரிய எம்டன்' என்று கூறும் வழக்கம் தமிழரிடையே உண்டு. அச்சொல்லை நமக்குத் தந்தது ஜேர்மன் நாட்டுப் போர்க்கப்பலொன்றாகும். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்த அக்கப்பல், நவெம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னியால் அழிவுற்றது. அதனைச் சிற்றுருவில் வீட்டிலேயே செய்து, கரையில் நின்று வானொலி அலைகளாற் செலுத்துமாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். கடையில் விற்கும் பாகங்களை வாங்கிப் பொருத்துவதன்று நாம் கருதுவது. வெறும் பலகையிலிருந்து தொடங்குவதேயாம்.

எம்டனின் நீளம் 118.3 மீற்றர், அகலம் 13.5 மீற்றர், நீரில் அமிழும் ஆழம் ஏறத்தாழ 5.5 மீற்றர், வடிவமைப்பின்படி இடப்பெயர்ச்சி 3,664 தொன். நூற்றிலொரு பங்காகக் குறைப்பின் நீளம் 118 சதமமீற்றர் ஆகும். நிறையோ நூற்றிலொரு பங்கன்று. நீளம், அகலம், உயரம் மூன்றும் தனித்தனியே நூறு மடங்கு குறைதலின், கனவளவு பத்து இலட்சம் மடங்கு குறைகின்றது. ஆகவே உடலும் மோட்டரும் பற்றறியும் பீரங்கிகளும் பூசிய வர்ணமும் சேர்ந்து 3.66 கிலோகிராமுக்குள் அடங்குதல் வேண்டும். இக்கணக்கைப் பாராது வாளை எடுப்பவர், மேற்றளம் வரை நீரில் அமிழ்ந்த கப்பலைக் கண்டு பின்னர் வருந்துவர்.

இவ்வளவையில் ஒரு கிராம் என்பது உண்மைக் கப்பலில் ஒரு தொன்னுக்குச் சமன். பாய்மர உச்சியில் இருபது கிராம் பித்தளையைப் பொருத்துபவர், அங்கே இருபது தொன்னைத் தொங்கவிடுகின்றார். மேலும், கப்பலைச் சுருக்கலாம். காற்றையும் அலையையும் சுருக்குதல் இயலாது. குளத்தில் எழும் ஐந்து சதமமீற்றர் அலை இதற்கு ஐந்து மீற்றர்ப் பேரலையாம். எனவே, மேலுள்ளவற்றைக் கடதாசியாலும் மெல்லிய தகரத்தாலும் செய்து, பற்றறியையும் ஈயத்துண்டுகளையும் அடித்தளத்தில் ஏராவை ஒட்டி வைத்தல் வேண்டும். கிணற்றடித் தொட்டியில் மிதக்கவிட்டு, விரலால் முப்பது பாகை சரித்து விடுக. உடனே நிமிர்ந்தால் நன்று. தயங்கித் தயங்கி நிமிருமாயின் மேற்பாரம் மிகுதியென்று கொள்க.

உடலை அமைக்கும் முறை நம் ஓடாவிமார் அறிந்ததே. நீளப்பாட்டில் ஏரா, அதன்மேல் ஒட்டுப்பலகையில் வெட்டிய இருபதுக்கு மேற்பட்ட வங்குகள், அவற்றின்மீது மெல்லிய மரச்சலாகைகள். இரு பக்கத்துச் சலாகைகளையும் மாறிமாறி ஒட்டிச் செல்க. ஒரு பக்கத்தை முற்றாக முடித்தபின் மறுபக்கத்துக்குச் சென்றால் ஏரா வளைந்துவிடும். பின்னர் கண்ணாடியிழைத் துணியையும் எப்பொக்சிப் பிசினையும் பூசித் தேய்க்க. இதனை மூடிய அறையிற் செய்தலாகாது.

எம்டனுக்கு உந்துவிசிறிகள் இரண்டு. உண்மைக் கப்பலின் வேகம் மணிக்கு 23.5 கடல்மைல். கப்பலெழுப்பும் அலையின் தோற்றம் மாறாதிருக்க வேண்டின், வேகம் அளவின் வர்க்கமூலத்தாற் குறைதல் வேண்டும். நூறின் வர்க்கமூலம் பத்து. ஆகவே மணிக்கு 2.35 கடல்மைல், அதாவது மனிதன் நடக்கும் வேகமே போதும். பெரிய மோட்டரைப் பூட்டிப் பந்தயப் படகுபோற் பாயவிடுவோரை நாம் கண்டதுண்டு. அது போர்க்கப்பலுக்கு அழகன்று.

உந்துவிசிறியின் தண்டு உடலைத் துளைத்து வெளியே செல்லுமிடமே ஆபத்தானது. தண்டு செல்லும் குழாயில் கிறீஸ் நிறைத்தல் வேண்டும். எமது முதற் கப்பலில் அதனை இடாது விட்டோம். தொட்டியில் பத்து நிமிடம் நன்றாக ஓடிய அது, குளத்தின் நடுவிலே பின்புறம் தாழ்ந்து, எட்டு மாத உழைப்போடு நம் கண்முன்னே மூழ்கிற்று. மூன்றாம் நாள் சுழியோடி எடுத்தபோது மரச்சலாகைகள் பிரிந்திருந்தன.

வானொலிவழிப் படகோட்டல் புதிய கலையன்று. நிக்கொலா தெஸ்லா 1898ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கில் அதனைச் செய்து காட்டினார். இன்று பெரிதும் வழங்குவது 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவி. அதன் அலைகளை நீர் எளிதில் உறிஞ்சிவிடும். ஆதலின் வாங்கியின் அன்ரெனாக் கம்பியை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்துக. ஓர் அலைவழி சுக்கானைத் திருப்பும் சேர்வோவையும், மற்றொன்று மோட்டரின் வேகத்தையும் ஆளும். தொடர்பு அறுந்தால் மோட்டர் தானே நிற்குமாறு முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

இறுதியாக, புகைபோக்கிகள். எம்டனுக்கு மூன்றே உண்டு. தளபதி வொன் முல்லர், துணியாலான பொய்யான நான்காவதொன்றை எழுப்பி, பிரித்தானியக் கப்பலாகிய யாமத் போலத் தோன்றச் செய்தார். 1914 ஒக்டோபர் 28ஆம் நாள் அவ்வேடத்துடனேயே பினாங்குத் துறைமுகத்துட் புகுந்து, ஜெம்சுக் என்னும் ருஷ்யக் கப்பலை மாலுமிகள் பலரோடு மூழ்கடித்தார். செய்பவர் இந்நான்காவதையும் மெல்லிய துணியால் அமைத்து, வேண்டும்போது கழற்றத்தக்கதாய்ப் பொருத்துதல் பொருந்தும். எமது இரண்டாம் கப்பலில் அதன் நிறை இரண்டு கிராம்.